பார்க்கிங்கில் வந்து நின்ற அடுப்படி

ஒரு அடுப்படி ஆறு தாண்டி நடந்து வந்தது என்று சொன்னால், அதெப்படி நடக்கும் என்று கேட்கிற ஆட்களும் உண்டு, யாரைத் தேடி வந்தது என்று கேட்கிற ஆட்களும் உண்டு. இது ரெண்டாவது ஆட்களுக்கான கதை.

பெருமாள்புரத்தில் நாலு மாடி எழுப்பி லிஃப்ட்டும் வைத்த ஒரு குடியிருப்பு இருக்கிறது. அதன் அடியில், தூண்களுக்கு நடுவே கார்கள் நிற்கிற இடத்தில், ஆனி மாதத்து விடியல் ஒன்றில், மேற்கே இருந்து சாரல் காற்று வந்துகொண்டிருந்த நேரத்தில், இரண்டாவது மாடித் தங்கபுஷ்பத்தின் பேட்டை வீட்டு அடுப்படி வந்து நின்றது. வீடு வரவில்லை. பட்டாசாலை வரவில்லை, மச்சு வரவில்லை, தெருவாசல்படிகூட வரவில்லை. அடுப்படி மட்டும், ஓட்டுக் கூரையும் அதில் பதித்த கண்ணாடி ஓடும் புகைக்கூண்டுமாக, உள்ளே மண்ணடுப்பும் அதை ஒட்டின கொடியடுப்பும் உத்தரத்தில் உறியும் மூலையில் பாத்திரம் கழுவுகிற அங்கணமும் அம்மியும் போட்டது போட்டபடி இருக்க, மேலே சிமெண்டுத் தளம் தட்டுகிறது என்று புகைக்கூண்டை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, குட்டை வாசலில் நுழைந்த நெட்டை ஆள் மாதிரிக் குனிந்து நின்றது. அதன் படியெல்லாம் ஆற்று மணல். அங்கணத்துக் குடத்துத் தண்ணீரில் ஒரு குஞ்சு மீன் சுற்றிக்கொண்டிருந்தது. பாலத்தில் வண்டி நெரிசலாக இருக்கவும் ஆற்றில் இறங்கி வந்திருக்கிறது என்று வாட்ச்மேன் ஆறுமுகநயினார் முடிவு கட்டினார்.

"உள்ள விடுறதுக்கு முன்ன ஒரு வார்த்தை கேக்க மாட்டீரா?" என்றார் குடியிருப்புச் சங்கத்தின் செக்ரட்டரி குற்றாலிங்கம். பாங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், எதற்கும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று நினைக்கிறவர்.

"கேட்டேன் சார். யாரு வீட்டுக்குன்னு கேட்டேன். பதில் இல்ல. ஆனா பாத்தா தப்பான இடத்துல இருந்து வந்த மாதிரித் தெரியல. கேட்டைத் திறந்துட்டேன்."

பால் பாக்கெட் எடுக்க இறங்கி வந்த தங்கபுஷ்பம் லிஃப்ட்டுக் கதவு திறந்ததும் அதைப் பார்த்தாள். அப்புறம், ஊருக்குப் போய்விட்டுப் பிந்தி வந்த பிள்ளையைக் கேட்கிற குரலில், "இத்தன நாளா எங்க போயிருந்த?" என்று கேட்டுவிட்டு, வாட்ச்மேனிடம் விளக்குமாறு வாங்கி, படியில் கிடந்த மணலைக் கூட்டித் தள்ளினாள்.

பேட்டை வீட்டை விற்றது மாசியில். வாங்கினவர் இடிக்கிற எந்திரத்தைக் கொண்டு வந்து முன்பக்கத்தில் இருந்து இடித்துக்கொண்டே வந்து, அடுப்படிக்கு வரும்போது பொழுது சாய்ந்துவிட, நாளைக்குப் பார்ப்போம் என்று போனவர்கள் மறுநாள் வந்தால் அடுப்படி இருந்த இடம் வெறும் தரை. வேறு யாரோ இடித்துக் கொண்டுபோய்விட்டார்கள், நமக்கு ஒரு நாள் வேலை மிச்சம் என்று அவர்களும் போய்விட்டார்கள். நடுவில் அதை டவுனில் ஒரு சந்து முனையில் கண்டதாக ஒருவர் சொன்னார், ஆற்றங்கரையில் மருத மரத்தடியில் ரெண்டு நாள் இருந்தது என்று இன்னொருவர் சொன்னார். விலாசம் தெரியாமல் அலைந்திருக்கிறது, வேறென்ன.

தங்கபுஷ்பம் அந்த அடுப்படிக்குள் மருமகளாக வந்தபோது அந்த வீட்டில் அவளைச் சேர்க்காமல் மூன்று பேர்: மில்லில் வேலை பார்த்த புருஷன் சண்முகவேலு, மாமியார் பிரமு, கொழுந்தன் நம்பி. அப்புறம் சுயம்புவும் வனிதாவும் பிறந்து ஐந்து பேர். சம்பளம் ஐந்து பேருக்கு வராது. ஆனால் ராச்சாப்பாடு ஐந்து பேருக்கும் சூடாக வந்தாக வேண்டும், அது சண்முகவேலுவின் ஒரே பிடிவாதம். அதனால் ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் ஆனால் தங்கபுஷ்பம் அம்மிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வாரத்தை வாயாலேயே போட்டு வைப்பாள். திங்களுக்கு ரசமும் சுட்ட அப்பளமும், செவ்வாய்க்குத் தோசை, புதனுக்கு அதே மாவு புளித்துவிடும் அதனால் வெங்காயம் போட்டு ஊத்தப்பம், வியாழனுக்கு உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும், வெள்ளிக்குக் கூட்டாஞ்சோறு, சனிக்கு மிஞ்சின குழம்பையெல்லாம் ஒன்றாக்கிச் சுண்ட வைத்தது, ஞாயிற்றுக்கு மீன் கிடைத்தால் மீன், கிடைக்காவிட்டால் மீன் இல்லாத மீன்குழம்பு. இந்த வரிசை மாறினதே இல்லை. மழைக்கு மாறவில்லை, மில் ஸ்டிரைக்குக்கு மாறவில்லை.

இதில் வெள்ளிக்கிழமைக் கூட்டாஞ்சோறுதான் பெரிய சூட்சுமம். அதற்கு என்று அரிசி வாங்குவதில்லை. ஒவ்வொரு நாளும் உலையில் அரிசி போடுகிறபோது அளந்த அரிசியில் இருந்து ஒரு பிடி எடுத்து மூலையில் இருக்கிற பிடியரிசிப் பானையில் போட்டுவிட வேண்டும். வெள்ளிக்கிழமை அந்தப் பானையைக் கவிழ்த்தால் ஒரு வேளைச் சோறு. வாரமெல்லாம் மிஞ்சின பாதிக் கத்தரிக்காயும் கால் வாழைக்காயும் முருங்கைக்காயும் கீரையும் பருப்பும் அதோடு ஒரே சட்டியில் வெந்து, கடைசியில் வடகம் தாளித்துக் கொட்டினால் பக்கத்து வீட்டு ஆளும் எட்டிப் பார்ப்பான். "ஒரு பிடி எடுத்தா யாருக்கும் குறையாதுட்டி" என்று சொல்லித்தான் மாமியார் அந்தப் பானையை அவள் கையில் கொடுத்தாள். அது நிசம். யாருக்கும் குறைந்ததில்லை.

ஐந்து பேருக்கும் ஐந்து பலகை, ஐந்து எவர்சில்வர் தட்டு. தட்டில் பேர் வெட்டுகிறவர் எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி கேட்பார். பிரமு, நம்பி, சுயம்பு, வனிதா எல்லாம் சின்னப் பேர். சண்முகவேலு வீட்டுக்குத் தலைவர், அவர் பேர் எவ்வளவு நீளமானாலும் வெட்டித்தான் ஆக வேண்டும். செட்டோடு வந்த ஆறாவது தட்டைக் கையில் எடுத்து, "தங்கபுஷ்பம்னு போடணுமாம்மா?" என்று அவர் கேட்டபோது, "அதுல பாதித் தட்டு நிறைஞ்சு போகும், விடுங்க" என்று இவள்தான் சொன்னாள். பேர் வெட்டாத அந்தத் தட்டு அன்றைக்கே பிடியரிசிப் பானைக்கு மூடியாகப் போயிற்று.

மாமியார் போனாள், நம்பி போனான், அப்புறம் சண்முகவேலுவும் போனார். வனிதா ஓசூரில், சுயம்பு மஸ்கட்டில். சுயம்பு வாங்கிப் போட்ட ஃப்ளாட்டில், எதைத் திறந்தாலும் சத்தம் காட்டாமல் தானே மூடிக்கொள்கிற அலமாரிகள் நிறைந்த சமையலறையில், தங்கபுஷ்பம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நின்று திங்களுக்கு ரசமும் சுட்ட அப்பளமும், செவ்வாய்க்குத் தோசை என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். பாதி நாள் சமைப்பதில்லை. பன்னைத் தேத்தண்ணியில் முக்கித் தின்றுவிட்டு, போனில் சுயம்பு "என்னம்மா சாப்பிட்ட?" என்று கேட்டால், அது வியாழனாக இருந்தால் "உளுந்தஞ்சோறு" என்பாள், புதனாக இருந்தால் "ஊத்தப்பம்" என்பாள். அவனுக்கும் கேட்க நன்றாக இருக்கும். சமைக்கிற நாளில் ஒரு ஆளுக்கு அரிசி அளந்து, கை பழக்கம் போகாமல் அதிலும் ஒரு பிடி எடுத்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுவிடுவாள். ஒரு ஆள் அரிசியில் ஒரு பிடி எடுத்தால் மிச்சம் என்ன இருக்கும்?

"ஆச்சி, ரவிக்கையெல்லாம் தொளதொளங்குது. சாப்பிடுதியளா இல்லியா?" என்று எதிர்வீட்டு ஜெசிந்தா கேட்பாள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறவள், ஆளைப் பார்த்ததும் எடையைச் சொல்லிவிடுவாள்.

"சாப்பிடுதேன்மா. வயசானா உடம்பு அப்படித்தான்."

அடுப்படி வந்த வாரம் சங்கத்துக் கூட்டம் போட்டார்கள். குற்றாலிங்கம் எழுந்து, "இது கட்டடம்னா அப்ரூவல் வேணும், வண்டின்னா நம்பர் வேணும். ரெண்டும் இல்லாத ஒண்ணை நம்ம எந்தக் கணக்குல வைக்கது?" என்று கேட்டார்.

"நடந்து வந்தது எப்படி சார் கட்டடம் ஆகும்?" என்றது ஒரு குரல்.

"அப்போ வண்டின்னு சொல்லுதியளா? ரிவர்ஸ் வருமா அது?"

"சார்," என்றாள் ஜெசிந்தா, "வெளிய இருந்து யாரு வந்தாலும் யாரைப் பாக்கன்னுதான கேப்போம். அது ஆச்சியப் பாக்க வந்திருக்கு. விருந்தாளின்னு வைங்க."

"விருந்தாளி எத்தன நாளைக்கு இருக்கும்?"

"அதை விருந்தாளிட்ட கேக்க முடியுமா?"

சுயம்புவின் பார்க்கிங் இடம் சும்மாதான் கிடந்தது, விருந்தாளி அங்கே இருந்துகொள்ளலாம், மாடியில் காய்கிற துணியை எடுத்த பிறகுதான் அடுப்புப் பற்ற வைக்கலாம், குழந்தைகள் புகைக்கூண்டில் பந்து போடக் கூடாது என்று தீர்மானம் ஆயிற்று. காம்பவுண்டில் விழுகிற தென்னை மட்டையைக் கொண்டுபோட ஆள் தேடிக்கொண்டிருந்த சங்கத்துக்கு, அதெல்லாம் அடுப்புக்குப் போனதால், அன்றோடு அந்த வேலையும் இல்லை.

தங்கபுஷ்பம் பிளாஸ்டிக் டப்பா அரிசியைப் பானையில் கொட்டி, பேரில்லாத தட்டால் மூடி, அடுப்பை மெழுகி, அன்றைய கிழமைக்கு உரியதைச் சமைத்தாள். ஐந்து பேருக்குச் சமைத்தாள், அந்தச் சட்டிகளுக்கு வேறு கணக்குத் தெரியாது. வாசனை லிஃப்ட்டுக் குழாய் வழியாக மேலே ஏறி நாலு மாடிக்கும் போயிற்று. சுட்ட அப்பளம் மணத்தால் திங்கள், எள் வறுபட்டால் வியாழன் என்று காலண்டர் பார்க்காமலே ஆட்களுக்குத் தெரிய ஆரம்பித்தது. ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். கார்ச் சாவியை மறந்தவர், குப்பை போட வந்தவர், சும்மா காற்று வாங்க வந்தவர். வெள்ளிக்கிழமைகளில் ஃபிரிட்ஜில் கிடந்த பாதிக் கேரட்டையும் அரை மாங்காயையும் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டு, கையில் இருக்கிற தூக்குச்சட்டியை மறைப்பது போல மறைத்துக்கொண்டு நின்றார்கள். சிலர் ஒரு பிடி அரிசியும் கொண்டுவந்து பானையில் போட்டார்கள். அவள் எல்லாருக்கும் அள்ளி வைத்தாள். வாங்கிக்கொண்டு எல்லாரும் லிஃப்ட்டில் ஏறிப் போனார்கள். ஏறிப்போய் அவரவர் வீட்டில் அவரவர் டி.வி.க்கு முன்னால் இருந்து, இந்த மாதிரிச் சோறு தின்று எத்தனை காலம் ஆயிற்று என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டார்கள். கீழே அடுப்புத் தணிந்து, ஐந்து பலகையும் ஐந்து தட்டும் போட்ட இடத்தில் போட்டபடி கிடக்க, தங்கபுஷ்பம் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கார்களுக்கு நடுவே தனியாக நடந்து போவாள்.

உட்கார்ந்து சாப்பிட வந்தவர்கள் இல்லாமல் இல்லை. ஒரு நாள் குற்றாலிங்கம் வேட்டியை மடித்துக்கொண்டு ஒரு பலகையில் உட்காரப் போனார்.

"அண்ணாச்சி, அது எங்க மாமியா இடம்."

"அப்போ இது?"

"அது நம்பிக்கு."

"அவுகதான் இல்லையே தாயி."

"இல்லைன்னா இடம் இல்லாமப் போயிருமா?" என்றாள் அவள். அவர் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு தூக்குச்சட்டியை நீட்டினார். அதற்கு அப்புறம் யாரும் உட்காரக் கேட்கவில்லை.

அவளுக்குள் இருந்த நினைப்பு இதுதான்: அடுப்படி சும்மா வரவில்லை. ஐந்து பேரில் மூன்று பேர் இனி வர மாட்டார்கள், அது அதற்கும் தெரியும். மிச்சம் இரண்டு பேரும் ஒரு ராத்திரி வந்து அவரவர் பலகையில் உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்டு எழுந்தால் அதற்குப் போதும், அதற்காகத்தான் ஆற்றைத் தாண்டி வந்திருக்கிறது. அது ரொம்ப நாள் தாங்காது என்பதும் அவளுக்குத் தெரிந்தது. பக்கத்துச் சுவர் இல்லாமல் அது ஒருநாளும் நின்று பழகியதில்லை, மண் உதிர ஆரம்பித்திருந்தது. கொடியடுப்புப் பக்கம் ஒரு விரல் அகலத்துக்கு விரிசல்.

சுயம்புவுக்குப் போன் போட்டாள். "உங்க ரெண்டு பேரு தட்டும் இருக்குய்யா. ஒரு வாரம் வந்து இருங்க, திங்கள்ல இருந்து வரிசையாச் சாப்பிடுவோம்."

"ஒரு வாரம் எப்படிம்மா முடியும்? லீவு தர மாட்டான். ஆவணியில வள்ளியூர்ல கல்யாணம் வருதுலா, அப்படியே வந்து பாக்கோம். அது என்ன கிழமை? வெள்ளி."

வெள்ளி என்றதும் அவளுக்கு வாரம் முழுக்கக் கிடைத்த மாதிரி இருந்தது. எல்லா நாளும் அதில்தானே வந்து சேர்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானமே அடுப்பு மூட்டினாள். பானையைக் கவிழ்த்தாள், காய் நறுக்கினாள், தேங்காயும் சீரகமும் அம்மியில் அரைத்தாள். ரெண்டு பலகையை மட்டும் ரெண்டு தடவை துடைத்தாள். அன்றைக்குக் குடியிருப்பே கொஞ்சம் அடக்கமாக இருந்தது. ஆச்சி பிள்ளைகள் வருகிறார்கள் என்று பக்கத்துக் கார்களைக்கூட வெளியே எடுத்து நிறுத்திவிட்டார்கள்.

பொழுது இருட்டுகிற நேரத்தில் வாடகைக் காரில் இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். சுயம்பு தலைகுனிந்து உள்ளே வந்து சுவரைத் தட்டிப் பார்த்தான். "அப்படியே இருக்கும்மா," என்றான். "டைல்ஸ் ஒட்டியிருந்தா உதிராது." வனிதா பட்டுச் சேலையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்று கண்ணைத் துடைத்தாள். கண்ணாடி ஓட்டைப் பார்த்துத் துடைத்தாள், உறியைப் பார்த்துத் துடைத்தாள்.

"உக்காருங்க," என்றாள் தங்கபுஷ்பம். "சூடா இருக்கு."

"முட்டி மடக்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காரும்மா," என்றான் சுயம்பு.

"சேலை கசங்கிரும்மா. அங்க ரிசப்ஷன்ல சாப்பிடலைன்னா மாமாவுக்குக் கோவம் வந்துரும்," என்றாள் வனிதா. "ரெண்டு வாய் குடு, நின்னுட்டே சாப்பிடுதோம்."

நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். நின்றாலும் ருசிக்கு ஒன்றும் குறைவில்லை. ரெண்டு வாய் நாலு வாய் ஆயிற்று, சுயம்பு தன் பேர் வெட்டின தட்டை விரலால் தடவித் தடவிச் சாப்பிட்டான். அப்பா தட்டு, ஆச்சி தட்டு, சித்தப்பா தட்டு என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டே வந்த வனிதா கடைசித் தட்டோடு நின்றாள்.

"அம்மா, உன் தட்டு எது?"

"எனக்கு எதுக்குத் தட்டு?"

"அப்போ எதுலதான் சாப்பிடுவ?"

"சட்டியிலதான். சட்டியில மிஞ்சுறத இன்னொரு தட்டுல போட்டா அந்தத் தட்டையும் கழுவணும்லா."

"எங்க உக்காருவ?"

தங்கபுஷ்பம் பதில் சொல்ல வாயெடுத்து, இடத்தைக் காட்டலாம் என்று அடுப்படியை ஒரு சுற்றுப் பார்த்தாள். சுயம்புதான் கை நீட்டி, "அந்தா, அங்கணத்துப் பக்கம்..." என்று ஆரம்பித்து, "இல்ல, அங்க குடம்லா இருக்கும்" என்று நிறுத்தினான். கையை அம்மிப் பக்கம் கொண்டுபோனான். அங்கே சித்தப்பா பலகை. கதவுப் பக்கம் கொண்டுபோனான். அங்கே விறகு. எங்கே காட்டினாலும் அங்கே ஒன்று இருந்தது. கையைக் கீழே போட்டான்.

"அம்மா நிப்பா," என்றான் மெதுவாக.

வெளியே டிரைவர் ஹாரன் அடித்தான், அப்புறம் இன்னொரு தடவை அடித்தான். வனிதா அம்மாவின் தோளில் கை வைத்து, "தீபாவளிக்கு வாரோம்மா" என்றாள். "வாங்க" என்றாள் தங்கபுஷ்பம். கார் கேட்டைத் தாண்டுகிற வரைக்கும் ஆறுமுகநயினார் சல்யூட் அடித்தபடி நின்றார்.

அப்புறம் எல்லாரும் தூக்குச்சட்டியோடு வந்தார்கள், பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டார்கள், வாங்கினார்கள், லிஃப்ட்டில் ஏறினார்கள். ஜெசிந்தா மட்டும் படியில் கொஞ்சம் நின்று, "இருக்கட்டுமா ஆச்சி?" என்றாள். "நீ போம்மா, டியூட்டிக்கு நேரமாச்சு" என்று அனுப்பிவிட்டு, தங்கபுஷ்பம் சட்டியை இடது கையில் அணைத்துக்கொண்டு அடியைச் சுரண்டினாள். ஒரு வாய் போட்டாள். ரெண்டாவது வாய்க்குக் கை போனபோதுதான் தான் நின்றுகொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது.

சட்டியைத் திரும்ப அடுப்பில் வைத்தாள், ஒரு மட்டையைத் தள்ளித் தணலைக் கிளறிவிட்டாள். அங்கணத்துப் பக்கம் இருந்த குடத்தை இடுப்பில் எடுத்துக் கொண்டுபோய் வெளியே படியில் வைத்தாள். அது இருந்த இடம் ஈரமாக, வட்டமாக, ஒரு ஆள் உட்காரக் கணக்காக இருந்தது. பானை மூடியை எடுத்தாள். அத்தனை வருசமாகக் கவிழ்ந்தே கிடந்த அந்தத் தட்டின் உட்பக்கம் ஒரு கீறல் இல்லாமல் மினுங்கியது. கழுவினாள். சூடான சோற்றை அதில் வைத்தாள். விருந்தாளிக்கு வைக்கிற மாதிரி "போதுமா?" என்று கேட்டாள், "இன்னும் கொஞ்சம் வச்சுக்கோ" என்று இன்னொரு கரண்டி வைத்தாள், கையைத் தரையில் ஊன்றி மெல்ல உட்கார்ந்தாள்.

ஐந்து பலகையும் எதிரே இருந்தன. அங்கே இருந்து பார்த்தால் அடுப்படி வேறு மாதிரித் தெரிந்தது. கண்ணாடி ஓட்டுக்கு மேலே பார்க்கிங் விளக்கு வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது, அடுப்பின் முகம் நேராக இருந்தது, சூடு முழங்காலில் வந்து பட்டது. தான் ஆக்கின கூட்டாஞ்சோறு சூடாக இருந்தால் எப்படி இருக்கும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. யாரும் கூட இல்லை. அவசரமும் இல்லை. ஒவ்வொரு வாயாக, முருங்கைக்காயைச் சப்பிச் சப்பிச் சாப்பிட்டாள், தட்டை வழித்தாள். வயிறு நிறைந்ததும் அழுகை வந்தது. அழுது முடித்து, தட்டைக் கழுவாமல் கையோடு எடுத்துக்கொண்டு மேலே போனாள்.

காலையில் பார்த்தால் அந்த இடத்தில் குடம் மட்டும் நின்றது. அதில் குஞ்சு மீன்.

"கேட்டைத் திறக்கச் சொல்லுச்சு, திறந்தேன்," என்றார் ஆறுமுகநயினார். "எங்கேன்னு கேக்கலையாய்யா?" என்றார் குற்றாலிங்கம். "வந்த வேலை முடிஞ்சவங்கள எங்க போறீங்கன்னு எப்படி சார் கேக்கது?" சங்கத்தில் அந்த இடத்தைப் பற்றித் தீர்மானம் எதுவும் போடவில்லை. ஆனாலும் புதுசாகக் கார் வாங்கினவர்கூட அங்கே நிறுத்துவதில்லை, கொஞ்சம் தள்ளியே நிறுத்துகிறார். வெள்ளிக்கிழமை ஆனால் யாராவது ஒருவர் கீழே இறங்கி வந்து, காற்று வாங்குகிற மாதிரி நின்றுவிட்டுப் போகிறார்.

திங்கட்கிழமை சாயந்தரம் தங்கபுஷ்பம் மேலே அவள் சமையலறையில் உலை வைத்தாள். ரசம் கூட்டி வைத்திருந்தாள், சுடுவதற்கு ஒரு அப்பளம் எடுத்து வைத்திருந்தாள். ஒரு ஆளுக்கு அரிசி அளந்து களையப் போகையில், கை தன்பாட்டுக்கு ஒரு பிடி எடுத்துக்கொண்டு மூலையைப் பார்த்துத் திரும்பியது. மூலையில் பானை இல்லை. மூடின கைக்குள் அரிசி இருந்தது. அடுப்பு மேடையில் பேரில்லாத தட்டு நிமிர்ந்து இருந்தது. அப்புறம் அந்தப் பிடியையும் சேர்த்தே களைந்து உலையில் போட்டாள்.